மழலை எழிலும் காப்புப் பாட்டும்

கொங்கு நாட்டாருக்குப் பழகிப்போய்விட்ட, ஆனால் வெளியூரிலிருந்து வருவோரை வியக்கவைக்கும் வழக்கம் ஒன்றுண்டு. துடியலூரில் மேட்டுப்பாளையம் சாலையோரம் பேருந்துக்குக் காத்து நிற்கும் பாட்டி, இடுப்பிலிருக்கும் பேரனைச் "சாமி" என்று அழைப்பார். "அழுவாத சாமி, இந்தா வந்துருச்சு பஸ்ஸு" என்பார். பேத்தியாயின் "அம்மிணி" என்பார். பால் மணம் மாறாத ஆண்பிள்ளையை "அப்புனு" என்று கொஞ்சுவதும் உண்டு. தலைவனுக்கும் தலைவிக்கும் தந்தைக்கும் உரிய சொற்கள் இவை. இருப்போருள் மிகச் சிறியவருக்கு, இருக்கும் சொற்களுள் மிகப் பெரியவற்றைச் சூட்டுகிறது கொங்குத் தமிழ். இதற்கு இலக்கண நூலார் என்ன பெயரிடுவரோ, நாம் இதில் ஒரு நீண்ட வரலாற்றின் சாயலைக் காண்கிறோம்.

அதே பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் கல்லூரி மாணவியோ அக்குழந்தையைக் கண்டு "க்யூட்" என்பார். ஆங்கிலத்தில் 'அக்யூட்' என்னும் சொல்லின் தலை தேய்ந்து 18ஆம் நூற்றாண்டில் உண்டான சொல் அது. கூர்மையான, சூட்டிகையான என்பதே அதன் முதற்பொருள். பின்னர் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கர் நாவில்தான் அது 'சிறியதாய், கொஞ்சத் தூண்டுவதாய் உள்ள அழகு' என்னும் பொருளை அடைந்தது. நம்முடைய 'சுட்டி' என்னும் சொல்லும் குறும்பையும் அறிவுக்கூர்மையையும் செல்லத்தையும் ஒருங்கே சுமப்பதை அன்பர்கள் எண்ணிப் பார்க்கலாம். ஓரிடத்தில் அடங்காத பிள்ளையைத் 'துடியான பிள்ளை' என்பதும் இத்தகையதே. (துடியலூரில் பணி செய்யும் நமக்கு இச்சொல்லின்மீது சற்றுப் பாசம் மிகுதி என்பதை வாசகர் பொறுத்தருள்க.)

அழகைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சமில்லை. எழில், வனப்பு, கவின், ஏர், அணி, முருகு என அடுக்கிக்கொண்டே போகலாம். ஆயினும் குழந்தையின் அந்தச் சிறுமையழகுக்கென்றே தனித்த சொல் ஒன்றையும் நம் முன்னோர் வடித்துத் தரவில்லை. சொல் ஒன்றைத் தராதவர்கள் அதற்கென ஓர் இலக்கிய வகையையே தந்துவிட்டார்கள். அதுவே பிள்ளைத்தமிழ். அதன் வரலாற்றைத் தொட்டுச் சென்றால், மழலை எழில் ஏன் நம்மை ஈர்க்கிறது, ஈர்த்து நம்மிடம் எதைக் கேட்கிறது என்பது ஓரளவு புலப்படும்.

சங்கப் பாடல்களிலிருந்தே தொடங்கலாம். பாண்டியன் அறிவுடைநம்பி பாடியதாகப் புறநானூற்றில் 188ஆம் பாட்டு இருக்கிறது. தளர்நடையிட்டு வந்து, உண்கலத்தில் கையை விட்டு, துழாவி, வாயிலிட்டு, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளை இல்லாதவர்க்கு வாழ்நாளில் பயனில்லை என்பது அவ்வரசன் முடிவு. குழந்தையின் சிறுகை அளைந்த கூழைப் பெற்றோர்க்கு அமிழ்தினும் இனியதென்றார் வள்ளுவர். இவ்விரண்டு இடங்களிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழந்தையின் கண்ணையோ கன்னத்தையோ இருவரும் பேசவில்லை. சிந்தியதையும் குழப்பியதையுமே பேசுகிறார்கள். பெரியவன் ஒருவன் செய்திருந்தால் எழுந்து போகச் சொல்லியிருப்போம். சிறியவன் செய்வதால் இனிக்கிறது. தமிழன் கண்ட மழலை எழில் முகத்தில் இல்லை, இயலாமையில் இருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

இயலாமை இருக்குமிடத்தில் அச்சமும் இருக்கும். ஆகவேதான் குழந்தையின் கழுத்தில் ஐம்படைத்தாலி ஏறிற்று. திருமாலின் சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு என்னும் ஐந்து படைகளைச் சிற்றுருவாக்கிக் கோத்த காப்பணி அது. தலையாலங்கானத்துப் போரில் வென்ற நெடுஞ்செழியனைப் பாடிய இடைக்குன்றூர் கிழார், சிறுவருக்குரிய தாலியைக் கூட இன்னும் களையாத இளையவனா போர்க்களத்தில் நிற்கிறான் என்று வியக்கிறார். இன்றும் நம் ஊர்களில் குளிப்பாட்டிப் பவுடர் பூசிய குழந்தையின் கன்னத்தில் தாய் ஒரு கருமைப்பொட்டை இடுகிறாள். அழகுக்கு அழகு சேர்ப்பதற்காக அன்று. அழகைச் சற்றே குறைத்துக் கண்ணேறு படாமல் காப்பதற்காக. உரோமையரின் பிள்ளைகளும் 'புல்லா' என்னும் காப்புப் பதக்கத்தை அணிந்திருந்தனர். நம் கத்தோலிக்கத் தாய்மார் பிள்ளையின் அரைஞாணில் மாதா பதக்கத்தைக் கோத்துவிடுவதை நாம் எத்தனையோ திருமுழுக்குகளில் கண்டிருக்கிறோம். அப்பதக்கத்தை மந்திரத் தகடாக எண்ணலாகாது என்று மறைக்கல்வியில் சொல்லுகிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அந்த அச்சத்தில் அன்பு எவ்வளவு என்பதையும் அறிந்தே சொல்லுகிறோம்.

குழவிப் பருவத்தைப் பாடுபொருளாக்கலாம் என்பதற்குத் தொல்காப்பியத்திலேயே இடமுண்டு. அதைப் பெருவழியாக்கியவர் வில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார். யசோதையின் இடத்தில் தம்மை வைத்துக்கொண்டு கண்ணனைத் தாலாட்டினார், நீராட அழைத்தார், பூச்சூட அழைத்தார், அந்திப் பொழுதில் காப்பிட அழைத்தார். வைணவப் பெருமக்கள் அவருடைய பெயரிலுள்ள 'பெரிய' என்னும் அடைமொழிக்குச் சொல்லும் காரணம் சிந்திக்கத்தக்கது. மற்ற ஆழ்வார்கள் தங்களைக் காக்குமாறு இறைவனை வேண்டினர். இவரோ இறைவனுக்கே தீங்கு வரலாகாதென்று பல்லாண்டு பாடினார். காக்கப்பட வேண்டியவன் காப்பவனாகவும், காப்பவன் காக்கப்பட வேண்டியவனாகவும் இடம் மாறிக்கொள்கின்றனர். தெய்வத்தின்மீது தாய்க்குரிய கவலையைக் கொள்ளும் இந்தத் துணிவு, வேற்றுச் சமயத்தவராகிய நம்மையும் தலைவணங்கச் செய்கிறது.

12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் இரண்டாம் குலோத்துங்க சோழன்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். நமக்குக் கிடைத்துள்ள பிள்ளைத்தமிழ் நூல்களுள் முற்பட்டது அதுவே. படை நடத்தும் பேரரசனைத் தொட்டிலில் கிடத்திப் பாடினார் அரசவைப் புலவர். அரண்மனைப் புகழ்ச்சி என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அம்மன்னனின் அதிகாரத்தைப் போற்ற வந்தவர், அதற்கு முற்றும் எதிரான மழலையைத் தேர்ந்துகொண்டது ஏன் என்ற கேள்வி அப்போதும் நிற்கும்.

பாட்டியல் நூல்கள் வகுத்த முறைப்படி பிள்ளைத்தமிழுக்குப் பத்துப் பருவங்கள். மூன்றாம் திங்களில் காப்பு, ஐந்தில் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதில் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பின்னர் வருகை, அம்புலி என்று வளர்ந்து, ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும், பெண்பாலுக்குக் கழங்கு, அம்மானை, ஊசல் முதலாகவும் முடியும். தலைநிமிர்த்துக் கையூன்றி ஆடுவது செங்கீரை; கைகொட்டுவது சப்பாணி. குழந்தை மருத்துவர்கள் இன்று எழுதிவைக்கும் வளர்ச்சிப் படிகளை நம் புலவர்கள் பாட்டாக எழுதிவைத்தார்கள் எனலாம். அம்புலிப் பருவத்தில் புலவன் நிலவை விளையாட அழைக்கிறான். வாராவிடில் சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நான்கு அரச தந்திரங்களையும் நிலவின்மேல் ஏவுகிறான். சிற்றில் பருவத்தில் தெருவில் சிறுமியர் கட்டிய மணல்வீட்டைக் காலால் எற்ற வரும் சிறுவனிடம், "எங்கள் வீட்டைச் சிதைக்காதே" என்று கெஞ்சுகின்றனர். உலகங்களைப் படைத்து அழிக்க வல்லவன், மணல்வீட்டை அழிக்கும் குறும்பனாய் நிற்கிறான். ஈண்டுதான் புலவனின் நகைப்பும் பக்தியும் ஒன்றாகின்றன.

ஆயினும் முதற்பருவம் எது என்பதை வாசகர் மறக்கலாகாது. முத்தம் முதலில் வரவில்லை; காப்பே முதலில் வருகிறது. குழந்தையின் எழிலை ஒரு வரிகூடத் துய்ப்பதற்கு முன், தெய்வங்களையெல்லாம் அழைத்து "இந்தப் பிள்ளையைக் காத்தருளுங்கள்" என்று புலவன் வேண்ட வேண்டும். பாடப்படுவது முழுமுதற் கடவுளே ஆனாலும் இதற்கு விலக்கில்லை. 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மைமீது பாடியபோதும், பகழிக்கூத்தர் திருச்செந்தூர் முருகன்மீது பாடியபோதும் அதே முறைதான். ரசிப்பதற்கு முன் காவல் என்பது இந்த இலக்கியத்தின் வாயிற்படியாகவே வைக்கப்பட்டுள்ளது.

இவ்விலக்கியத்தில் ஒரு விலக்கும் உண்டு. சிவபெருமானுக்குப் பிள்ளைத்தமிழ் பாடும் மரபில்லை. பிறப்பற்றவனுக்குப் பிள்ளைப் பருவம் ஏது என்பது அதன் நியாயம். சைவ அன்பரின் இந்த நேர்மையை நாம் மதிக்கிறோம். அதனாலேயே நம் விசுவாசத்தின் துணிவும் நமக்கு நன்கு விளங்குகிறது. தொடக்கமும் முடிவும் இல்லாதவர் என்று எவரை அறிக்கையிடுகிறோமோ, அவரே பெத்லகேமில் பிறந்தார் என்று அதே மூச்சில் அறிக்கையிடுகிறோம். 'பிறப்பிலி' என்னும் சொல்லையும் 'பிள்ளை' என்னும் சொல்லையும் ஒருவர்மேல் ஏற்றுவது எவ்வளவு பெரிய செய்தி என்பதைத் தமிழறிந்த கிறிஸ்தவன் மற்றவரைவிட நன்றாக உணர முடியும்.

அப்படியிருந்தும் நம் திருச்சபை அக்குழந்தையைக் குழந்தையாகப் பார்க்கப் பல நூற்றாண்டுகள் எடுத்துக்கொண்டது. லூக்கா நற்செய்தியாளர் துணிகளையும் தீவனத் தொட்டியையும் சொல்கிறார். பிள்ளை அழகாயிருந்தது என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை. கீழைத் திருச்சபையின் பழைய படிமங்களில் அன்னையின் மடியில் இருப்பது குழந்தையுருவில் ஒரு பெரியவர். நிமிர்ந்த முதுகு, அகன்ற நெற்றி, ஆசி வழங்கும் கை, மற்றொரு கையில் ஓலைச்சுருள். நாம் குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில், இது ஓவியரின் திறமைக்குறைவன்று, என்றுமுள ஞானம் மனிதவுருக் கொண்டதைக் காட்டும் முறை என்று கற்பித்தார்கள். அது சரிதான். ஆனால் அந்தப் பிள்ளையை எடுத்துக் கொஞ்ச எவருக்கும் கை நீளாது என்பதும் சரிதான்.

கையை நீளச் செய்தவர் அசிசி நகர்ப் பிரான்சிஸ். 1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில் இத்தாலியின் கிரேச்சியோ என்னும் சிற்றூரில் வைக்கோல் பரப்பி, மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, தீவனத் தொட்டியருகே திருப்பலி நடக்கச் செய்தார். அவர் குருவல்லர், திருத்தொண்டர். ஆகவே நற்செய்தியைப் பாடி மறையுரை ஆற்றினார். சில ஆண்டுகளுக்குள் அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ ஊர்த் தோமா என்னும் துறவி ஒரு நுட்பமான செய்தியைப் பதிந்து வைத்துள்ளார். 'பெத்லகேம்' என்னும் ஊர்ப்பெயரைப் பிரான்சிஸ் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல் இழுத்துச் சொன்னாராம். 'இயேசு' என்று சொல்லும்போதெல்லாம் அப்பெயரின் இனிமையைச் சுவைப்பவர்போல் உதடுகளை நக்கிக்கொண்டாராம். மறையுரை மேடையில் நின்று ஒரு வளர்ந்த மனிதர் மழலை பேசினார்! நம் பெரியாழ்வார் அங்கே இருந்திருந்தால் அவருக்கு எதுவும் புதிதாகத் தோன்றியிராது. அன்றைய குடிலில் சுரூபம் வைத்ததாகத் தோமா எழுதவில்லை. தொட்டியில் உறங்கிய குழந்தையொன்றைப் பிரான்சிஸ் எழுப்பியதாக அங்கிருந்த ஒருவர் காட்சி கண்டார் என்றே எழுதுகிறார். குடில் கட்டும் வழக்கம் அதற்குப் பிறகு உலகெங்கும் பரவிற்று. இன்று தமிழகத்தில் மதுரையை அடுத்த விளாச்சேரியின் குயவர் குடும்பங்கள் நவராத்திரிக்குக் கொலு பொம்மைகளையும் கிறிஸ்து பிறப்புக்குக் குடில் சுரூபங்களையும் ஒரே மண்ணில் வனைகின்றன. அச்சில் வார்த்த இளஞ்சிவப்புப் பிளாஸ்டிக் பாலனைவிட அந்த மண்பிள்ளையே நமக்கு உகந்தது. அது கீழே விழுந்தால் உடையும்.

உடைந்த பிள்ளை ஒன்றின் கதை பிராகு நகரில் உண்டு. மரத்தின்மேல் மெழுகு பூசிய, 47 சென்டிமீட்டர் உயரமுள்ள குழந்தை இயேசு சுரூபம் ஸ்பெயினிலிருந்து அந்நகருக்கு வந்தது. 1628இல் பொலிக்சேனா என்னும் உயர்குடிப் பெண்மணி அதைக் கார்மேல் துறவியரிடம் ஒப்படைத்தார். 1631இல் சாக்சனியப் படைகள் நகரைக் கைப்பற்றியபோது துறவியர் வெளியேறினர். சுரூபம் பீடத்தின் பின்னே குப்பையோடு கிடந்தது. 1637இல் சிரில் என்னும் துறவி அதைத் தேடி எடுத்தபோது இரு கைகளும் இல்லை. தன்மேல் இரங்கித் தன் கைகளைத் தருமாறு குழந்தை கேட்டதாக அவர் உணர்ந்தார் என்பது அப்பக்தியின் மரபுச் செய்தி. கைகள் பொருத்தப்பட்டன, 1655இல் முடியும் சூட்டப்பட்டது. பட்டாடைகள் அணிந்து உலக உருண்டையை ஏந்திநிற்கும் அரசப்பிள்ளையாகவே பெங்களூரு விவேக் நகரிலும் நம் கோவைப்புதூரிலும் அவரை மக்கள் நாடுகின்றனர். நவநாளுக்கு வருவோருள் எத்தனை பேர் அந்தக் கையிழந்த ஆறு ஆண்டுகளை அறிவர் என்று நாம் எண்ணுவதுண்டு.

குழந்தை இயேசுவின் புனித தெரேசாவும் (1873-1897) இவ்வரிசையில் வருபவரே. குழந்தை இயேசு விளையாடிவிட்டு மூலையில் எறிந்துவிடக்கூடிய விலையற்ற சிறு பந்தாக இருக்க விரும்பினார் அவர். சிற்றில் சிதைக்கும் சிறுவனிடம் தம்மையே மணல்வீடாகக் கொடுத்தார் என்று தமிழில் சொல்லலாம்.

தமிழ்க் கிறிஸ்தவரும் சும்மா இருக்கவில்லை. அருள் செல்லத்துரை இயற்றிய 'இயேசுபிரான் பிள்ளைத்தமிழ்' 1985இல் வெளிவந்தது. இசுலாமியப் புலவர்கள் நபிகள் நாயகத்தின்மீது பாடிய பிள்ளைத்தமிழ் நூல்களும் உள்ளன. உருவ வழிபாட்டை முற்றும் விலக்கும் சமயத்தாரும் தம் நபியைத் தாலாட்டத் தமிழை நாடினர் என்றால், இவ்விலக்கிய வகையின் கவர்ச்சிக்கு வேறு சான்று வேண்டா.

இனி அறிவியல் பக்கம் சற்றுத் திரும்புவோம். கொன்ராட் லோரன்ஸ் என்னும் ஆஸ்திரிய விலங்கியல் அறிஞர் 1943இல் எழுதிய ஆய்வுரையில், சில உறுப்பமைப்புகளைக் கண்டவுடன் மனிதனுக்குப் பேணும் உணர்ச்சி இயல்பாகவே எழுகிறது என்றார். உடலுக்குப் பெரிய தலை, உயர்ந்து வளைந்த நெற்றி, முகத்தின் நடுவுக்குக் கீழே அமைந்த பெரிய கண்கள், உப்பிய கன்னம், குட்டையான கைகால்கள், தடுமாறும் அசைவு ஆகியவை அவர் தந்த அடையாளங்கள். மனிதக் குழந்தை நெடுநாள் பிறர் கையையே நம்பி வாழ வேண்டியது. ஆகவே அதைக் கண்டோர் கை நீள வேண்டும் என்பதற்கு இயற்கை செய்த ஏற்பாடு இது. நாய்க்குட்டியையும் கோழிக்குஞ்சையும் கண்டு நெஞ்சம் இளகுவதும் இதனாலேயே. பொம்மை செய்வோரும் படம் வரைவோரும் இவ்வடையாளங்களைக் கைக்கொண்டனர். 1928இல் கூர்மூக்கும் துடுக்குமாய்ப் பிறந்த மிக்கி எலி, ஐம்பது ஆண்டுகளில் தலை பெருத்து, கண் பெருத்து, வரவரக் குழந்தையாகிக்கொண்டே போனதை ஸ்டீபன் ஜே கூல்ட் என்னும் அமெரிக்க அறிஞர் அளந்தே காட்டினார். ஜப்பானில் 1974இல் உருவான ஹலோ கிட்டி என்னும் வாயில்லாப் பூனைக்குட்டி பள்ளிப்பை முதல் பற்பசை வரை விற்றுத் தருகிறது. பேணுவதற்காகத் தரப்பட்ட உணர்ச்சி வாங்குவதற்காகத் தூண்டப்படுகிறது. காப்புப் பருவம் நீக்கப்பட்ட பிள்ளைத்தமிழ் என்று இதனைச் சொல்லத் தோன்றுகிறது.

இது சிறு குற்றம். பெரிதொன்று உண்டு. லோரன்ஸ் அந்த ஆய்வுரையை எழுதிய காலத்தையும் இடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1938இல் அவர் நாசிக் கட்சியில் சேர்ந்திருந்தார். பின்னாளில், 1973இல், நோபல் பரிசும் பெற்றார். அவர் ஆய்வுரை வெளிவந்த அதே ஆண்டுகளில், அதே அரசின் கீழ், உடற்குறையும் மனக்குறையும் உடைய குழந்தைகள் 1939 முதல் மருத்துவமனைகளிலேயே ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டனர். இக்கொலைகளில் அவருக்குப் பங்குண்டு என்று நாம் சொல்லவில்லை. குழந்தையின் எந்த முகம் நெஞ்சை இளக்கும் என்று அறிவியல் கணக்கெடுத்த நாட்டில், அக்கணக்கில் அடங்காத முகங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறோம். 1941 ஆகஸ்டு 3ஆம் நாள் மியூன்ஸ்டர் மறைமாவட்ட ஆயர் கிளெமென்ஸ் அவுகுஸ்த் வான் காலன் மறையுரை மேடையேறி, மனநோயாளரும் இயலாதோரும் கொல்லப்படுவதை வெளிப்படையாகக் கண்டித்தார். பயனற்றவர் என்பதற்காக ஒருவரைக் கொல்லலாம் என்றால் நாளை முதுமையுற்ற நம்மெல்லாருக்கும் அதுவே கதி என்று எச்சரித்தார். அம்மறையுரை படியெடுக்கப்பட்டுக் கைமாறிக் கைமாறிப் பரவிற்று. அவர் அருளாளராக 2005இல் உயர்த்தப்பட்டார்.

செர்மானியரைக் குறைகூறிவிட்டு நாம் நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது. மீனாட்சியைச் செல்வமகளாகப் பாடிய தமிழ்நாட்டில், பிறந்த பெண்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு முன் கள்ளிப்பால் கிடைத்த ஊர்களும் இருந்தன. மதுரையை அடுத்த உசிலம்பட்டி வட்டாரம் 1980களில் இதனால் நாடறிந்ததாயிற்று. கொங்கின் கிழக்கு எல்லையாகிய சேலமும் தருமபுரியும் அந்தப் பட்டியலில் இருந்தன. லோரன்ஸ் வகுத்த அடையாளங்கள் அனைத்தும் அப்பெண்மகவுகளுக்கு இருந்தன. பெரிய கண்கள் இருந்தன. உப்பிய கன்னம் இருந்தது. வரதட்சணைக் கணக்கின் முன் அவை எதுவும் எடுபடவில்லை. எழில் ஈர்க்கும் என்பது உண்மை. எப்போதும் காக்கும் என்பது உண்மையன்று.

1992இல் தமிழக அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. வளர்க்க இயலாதவர் குழந்தையைக் கொல்லாமல் அரசு வைத்த தொட்டிலில் விட்டுச் செல்லலாம். பெற்றோர் கைவிடுவதை இது எளிதாக்கிவிடும் என்று அன்றே சிலர் குறைகூறினர். அக்குறையில் பொருளில்லாமல் இல்லை. ஆனால் விடுதலைப் பயண நூலில் யோக்கபேது செய்ததும் இதுவே அல்லவா? மகன் அழகாயிருப்பதைக் கண்டு மூன்று திங்கள் மறைத்து வைத்தாள். மறைக்க இயலாதபோது நாணற் பேழையில் இட்டு நைல் நதியோரம் விட்டாள். பேழையைத் திறந்த பார்வோன் மகளை அசைத்தது எது என்று நூல் சொல்வதையும் காண்க. குழந்தை அழுதுகொண்டிருந்தது; அவள் இரக்கம் கொண்டாள். தாய் எழிலைக் கண்டாள். வேற்றினத்தாள் கண்ணீரைக் கண்டாள். மோசே பிழைத்தது இரண்டாலும்.

நம் மறைமாவட்ட வரலாற்றிலும் இப்படிக் கைநீட்டியோர் உண்டு. பாரிசு வேதபோதக சபையின் குருவாகிய ஜோசப் லூயி ரவேல் 1853இல் கோயம்புத்தூரில் காணிக்கை அன்னை பிரான்சிஸ்கன் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். பெண்பிள்ளைகளின் கல்வியும் ஆதரவற்ற குழந்தைகளின் பராமரிப்பும் அச்சபையின் பணிகளாயின. 1876 முதல் 1878 வரை சேலத்தையும் கோவையையும் வாட்டிய பெரும்பஞ்சத்தில் நலிந்த பிள்ளைகளின் புகைப்படங்களை நூல்களில் பார்த்தோர் உண்டு. தலைமட்டும் பெரிதாய், கண்மட்டும் பெரிதாய், கைகால் குச்சிகளாய் இருக்கும் அவர்களைக் கண்டு 'கொள்ளை அழகு' என்று எவரும் சொல்ல மாட்டார்.

திசம்பர் 28 அன்று மாசில்லாக் குழந்தைகளின் திருநாளைத் திருச்சபை கொண்டாடுகிறது. குடிலில் விளக்குகள் இன்னும் எரிந்துகொண்டிருக்கும். மூன்றே நாள் முன்பு முத்தி செய்த பாலன் வைக்கோலில் இருப்பார். அந்த வாரத்திலேயே ஏரோதின் வாளைப் பற்றிய வாசகம் வந்துவிடுகிறது. முத்தப் பருவத்துக்கும் காப்புப் பருவத்துக்கும் நடுவே நம் வழிபாட்டு நாள்காட்டி நெடிய இடைவெளி விடவில்லை.

பிள்ளைத்தமிழ்ப் புலவன் காப்புக்குத் தெய்வங்களை வரிசையாக அழைப்பான் என்று கண்டோம். மத்தேயு எழுதியபடி, வானதூதர் அன்றிரவு எழுப்பியது உறங்கிக்கொண்டிருந்த ஒரு தச்சரை. எழுந்து பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்கு ஓடும்படி சொல்லப்பட்டது. அவர் அவ்வாறே இரவோடிரவாகப் புறப்பட்டார். நற்செய்தியில் அவர் பேசியதாக ஒரு சொல்லும் இல்லை. அவர் அக்குழந்தையின் எழிலைக் கண்டு என்ன நினைத்தார் என்பதும் எழுதப்படவில்லை. குடில் தோன்றிய இத்தாலியில் பிறந்து, தமிழ் மண்ணில் தமிழ்ப் புலவராய் வாழ்ந்த வீரமாமுனிவர், 1726இல் மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட பாடல்களில் தேம்பாவணியை முடித்தபோது, அக்காப்பியத்துக்குத் தலைவராக வைத்தது அந்தத் தச்சரையே.